உப்புத்தண்ணி அண்ணியும் பருவப் பைகளும்

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமா? அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவளோடு படகில் போன அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று. துறைமுகச் சுவர் கண்ணை விட்டு மறைவதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும். ஒரு கையால் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெப்பமானியைக் கடலுக்குள் இறக்குவாள். அது காட்டும் எண்ணை உரக்கச் சொல்வாள். சொன்ன மறு நொடி கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்துவிடுவாள். எண் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

"கடல்கிட்டேருந்து நாம எடுக்கிறதுக்கு நீங்க உடனுக்குடனே திருப்பிக் குடுத்துடறீங்க" என்று படகோட்டி சொல்வார்.

சில வருஷங்கள் இப்படி ஓடின. ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டு, "கரையிலேயே ஒரு வேலை இருக்கும்மா. பள்ளிக்கூடத் தொடர்புப் பிரிவு. ஆசிரியர்களுக்குக் கடல் பாடம் நடத்த உதவி செய்யணும். நீங்க நல்லாப் பேசுவீங்க, பாத்துக்குங்க" என்றார். அந்தப் பிரிவு அதுவரை ஒரு பெயர்ப்பலகையாக மட்டும்தான் இருந்தது. கதவைத் திறந்தால் கால் உடைந்த நாற்காலிகளும், சுருட்டி வைத்த பழைய வலைகளும், யாரோ காயவைத்து மறந்துபோன ஒரு நட்சத்திர மீனும் கிடந்தன.

அன்று வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதாள். கணவர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, படச்சட்டம் எல்லாம் வெட்டிக் கொடுக்கிற சின்னக் கடை. அதிகம் பேசாத மனுஷர்.

"படகுல போனா வாந்தி. பள்ளிக்கூடத்துக்குப் போனா தலைவலி. எது தேவலைன்னு யோசிச்சுக்கோ" என்றார்.

தலைவலியே தேவலை என்று தோன்றியது.

இவளை எல்லாரும் 'உப்புத்தண்ணி அண்ணி' என்று கூப்பிடுவதற்கும் அந்த மனுஷர்தான் காரணம். நிலையத்தில் குளிர்பெட்டி பழுதான ஒரு கோடையில், கடல்நீர் நிரப்பிய பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மத்தியானம் கடையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தவர் ஒரு பாட்டிலை எடுத்து மடமடவென்று பாதி குடித்துவிட்டார். அவர் முகம் போன போக்கை நேரில் பார்த்தது மாடியில் குடியிருந்த அவருடைய தங்கை. அன்றைக்கு வைத்த பெயர், தெருவைத் தாண்டி, நிலையத்தைத் தாண்டி, இயக்குநர் வாய்வரைக்கும் போய்விட்டது. நாமும் அவளை அண்ணி என்றே சொல்லிக்கொள்வோம்.

பெயர் வைத்த அந்த நாத்தனார் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேசத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்போதும் அண்ணன் வீட்டில்தான்.

அண்ணி புது வேலையில் மும்முரமாக இறங்கினாள். 'கடல் பெட்டி' என்று ஒன்றைத் தயார் செய்தாள். தச்சரிடம் சொல்லிச் செய்த தேக்குப் பெட்டி. உள்ளே நீளமான கண்ணாடித் தொட்டி, வெப்பமானிகள், நீரோட்ட வரைபடங்கள், சாயக் குப்பிகள், உருப்பெருக்கி. எல்லாவற்றுக்கும் மேலே தலையணை கனத்துக்கு ஒரு கையேடு. தொட்டிகளைக் கணவர் கடையில் மீந்த கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார். ஊரிலிருந்த பள்ளிகளுக்கெல்லாம் பள்ளிக்கொரு பெட்டியாகப் போயிற்று. பிறகு ஒவ்வொரு பள்ளியாகப் போன் போட்டு விசாரித்தாள். எல்லாத் தலைமையாசிரியர்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ரொம்பப் பயனா இருக்கும்மா."

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இயக்குநர் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாக நாத்தனாரைக் கேட்டாள். "உங்க ஸ்கூல்ல பெட்டி எப்படிப் போகுது?"

"நல்ல உறுதியான பெட்டி அண்ணி. எங்க உதவியாளர் அதுமேல ஏறித்தான் பல்பு மாத்துறார். ஆடவே மாட்டேங்குது."

"உள்ள இருக்கிறதைக் கேட்டேன்."

"உள்ளயா? அதை யாரும் இன்னும் திறக்கலையே."

கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம் ஏன் உங்க ஹெட்மாஸ்டர் பயனா இருக்குன்னு சொன்னார்?"

"பயனாத்தானே இருக்கு. அதுக்கு முன்னாடி மேஜைமேல நாற்காலியைப் போட்டு ஏறுவாங்க. நானே தினமும் பயந்துக்கிட்டு இருப்பேன்."

அண்ணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். நாத்தனார் பின்னாலேயே வந்து துணியை எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டு, "கோச்சுக்காதீங்க அண்ணி. நீங்க ஒருநாள் எங்க கிளாஸ்ல வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்" என்றாள்.

ஒருநாள் இல்லை, ஒரு வாரம் முழுக்கப் போய் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சில், முழங்கால் மேஜைக்கு அடியில் இடிக்க, கையைக் கட்டிக்கொண்டு.

பார்த்தால் அதுவே ஒரு தனிக் கடலாக இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போதே ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். அவனைப் படுக்கவைத்துவிட்டு வந்தால் இரண்டு பேர் ஒரு அளவுகோலுக்காகக் கட்டிப் புரளுகிறார்கள். கரும்பலகையில் பாதி எழுதும்போது அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஜன்னல் வழியாக ஒரு தாய் வந்து பிள்ளையின் மதியச் சாப்பாட்டை நீட்டுகிறாள். இதற்கு நடுவில் நாத்தனார் பின்னக் கணக்கையும் நடத்தி முடித்துவிட்டாள் என்பதை அண்ணியால் நம்பவே முடியவில்லை. ஒரு பாடவேளையில் உண்மையிலேயே பாடம் நடந்தது இருபது நிமிஷம் இருந்தால் அதிகம். அண்ணியின் கையேடோ முதல் பக்கத்திலேயே 'அறையை இருட்டாக்கவும், ஐஸ் கட்டிகளைத் தயாராக வைத்திருக்கவும், இரண்டு மணி நேரம் ஒதுக்கவும்' என்று ஆரம்பித்தது. அதை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்வந்த ஒரு சிறுமி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே சிவப்பாகச் சாட்டையடித்த மாதிரி ஒரு கோடு.

"ஜெல்லி மீன் டீச்சர். போன வருஷமும் இதே சமயம்தான் எங்க அக்காவுக்குப் பட்டுச்சு. மத்த நாள்ல எல்லாம் எங்க டீச்சர் போயிடுது?"

நாத்தனார் புத்தகத்தைப் பார்த்தாள். பின்பு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அண்ணிக்கு நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்துவிட்டது. காற்று திசை மாறுவது, அடியில் கிடக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வருவது, அதோடு சத்தும் வருவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுவது, அதைத் தின்ன ஜெல்லி மீன் கூட்டமாகக் கூடுவது. பிரமாதமான கதை. ஆனால் வகுப்பு நாத்தனாருடையது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றாள் நாத்தனார். அவள் அப்படிச் சொல்லி அண்ணி கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து திரும்பும்போது அண்ணி சொன்னாள். "நான் பெட்டியை அனுப்பிச்சுட்டு உங்களைத் திறக்கச் சொன்னேன். கடல் அதுபாட்டுக்கு வருஷத்துக்கு நாலு தடவை தானா கிளாஸுக்குள்ள வருது. அது வர்ற வாரம் பாத்து நான் வந்தாப் போதும் போலிருக்கு."

"இருபது நிமிஷத்துக்குள்ள வாங்க. ஐஸ் கேக்காதீங்க" என்றாள் நாத்தனார்.

பெட்டி போய்ப் பைகள் வந்தது இப்படித்தான். தோளில் மாட்டுகிற சாதாரணத் துணிப்பைகள். காற்று மாறும் காலத்துக்கு ஒன்று, கடல் கலங்கிப் பச்சையாகும் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. கையேடு போய் ஒற்றைத் தாள் ஆயிற்று. படகில் போகிறவர்கள் கடலில் மாற்றத்தைப் பார்த்த அன்றைக்கே ஆசிரியர்களின் போனுக்குச் செய்தி போகும். மறுநாள் காலையில் பை பள்ளிக்கூட வாசலில் இருக்கும். தொட்டியையும் கணவர் மாற்றினார். பெரிய கண்ணாடியை விட்டுவிட்டு, ஒல்லியாக, நீளமாக, ஒரு பையன் ஒரு கையில் தூக்குகிற மாதிரி ஒட்டிக் கொடுத்தார். விளிம்புகளையெல்லாம் விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து மழுங்க இழைத்தார்.

முதல் பயிற்சி நாளன்று நிலையத்தின் கூட்ட அறையில் ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் முகத்தில், நல்ல விடுமுறையைக் கெடுத்துவிட்டார்களே என்று எழுதி ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் தொளதொள கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு பி.டி. மாஸ்டர். அவர் பள்ளியில் வேறு யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால் அவரைத் தள்ளிவிட்டார்கள். இயக்குநர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி தொட்டியில் நீலச் சாயம் கலந்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். "இது கடலோட அடி" என்றாள். அடுத்து சிவப்புச் சாயம் கலந்த வெந்நீரை எடுத்தாள். "இது வெயில்ல காய்ஞ்ச மேல் தண்ணி. இது லேசானது, மேலயே மிதக்கும். பாருங்க" என்று பதற்றத்தில் சாய்த்து ஒரே ஊற்றாக ஊற்றினாள்.

தொட்டி முழுக்க ஒரே கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

இயக்குநர் காலை இறக்கிக் கீழே வைத்தார். நாத்தனார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அண்ணி படகில் நிற்கிற மாதிரியே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து பி.டி. மாஸ்டர் எழுந்து வந்தார். தொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கேலியில்லாமல் கேட்டார். "மேடம், எங்க கிளாஸ்லயும் இப்படித்தான் ஆகும். அப்ப நான் பசங்ககிட்ட என்ன சொல்றது?"

அந்தக் கேள்விக்குக் கையேட்டிலும் பதிலில்லை, ஒற்றைத் தாளிலும் பதிலில்லை. அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏன் இப்படி ஆச்சுன்னு அவங்களையே கேளுங்க. நானும் உங்களைக் கேக்கிறேன். ஏன் ஆச்சு?" என்றாள்.

"வேகமா ஊத்தினீங்க" என்றார் ஒருவர். "உசரத்திலேருந்து வேற" என்றார் இன்னொருவர். ஒரு வயதான தமிழாசிரியர், "பயந்துபோய் ஊத்தினீங்க" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அண்ணியும் சேர்ந்து சிரித்துவிட்டாள். மனையியல் ஆசிரியை ஒருவர் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றினால் மெதுவாக வழியும் என்றார். வேறொருவர் பாத்திரம் துலக்குகிற பஞ்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அதன்மேல் ஊற்றலாம் என்றார். நாற்காலிகள் எல்லாம் இழுபட்டு முன்னால் வந்தன. ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு முறை. கரண்டிக் கட்சி ஒரு பக்கம், பஞ்சுக் கட்சி ஒரு பக்கம். மூன்றாவது முயற்சியில் பஞ்சுக் கட்சியின் தொட்டியில் சிவப்பு மேலேயும் நீலம் கீழேயுமாகக் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. பி.டி. மாஸ்டர் தன்னையறியாமல் விசிலை ஊதிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு ஓரத்திலிருந்து தலைமுடி உலர்த்துகிற கருவியால் காற்று அடித்தார்கள். சிவப்பு நீர் மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் ஒதுங்க, காற்று அடித்த ஓரத்தில் அடியில் கிடந்த நீலம் எட்டிப் பார்த்தது.

"இவ்வளவுதானா? இதைத்தான் அந்தத் தலையணைப் புத்தகத்துல போட்டிருந்தீங்களா?" என்றாள் நாத்தனார்.

"இதைத்தான்" என்றாள் அண்ணி.

காற்று திசை மாறிய வாரம் பைகள் கிளம்பின. ஆசிரியர்களின் போன் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. நனைந்த தரை, நனைந்த புத்தகம், வாயைப் பிளந்த பிள்ளைகள். கத்தரிப்பூ நிறத் தொட்டிகளும் நிறைய வந்தன. அவற்றை யாரும் மறைக்கவில்லை. ஒரு பள்ளியில் சாயம் சட்டையில் பட்டு, நாலைந்து தாய்மார்கள் சீருடையைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்கள். அண்ணி நேரில் போய்த் துவைத்துத் தருவதாகச் சொல்லி, நிஜமாகவே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாடு கணவர் பொறுப்பு. அடுத்த பையிலிருந்து சிவப்புச் சாயத்துக்குப் பதில் துவைத்தால் போகிற பீட்ரூட் சாறு.

பிறகு ஒருநாள் நாத்தனார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தொட்டி எல்லாம் சரி அண்ணி. நிஜக் கடல்ல அடியில குளிர்ந்த தண்ணி இருக்குன்னு நான் பசங்ககிட்டச் சொல்றேன். நான் தொட்டுப் பாத்திருக்கேனா? இல்லை. எங்களைப் படகுல கூட்டிட்டுப் போங்க."

குழுவில் அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் தாராளமாகச் சம்மதித்தார். கூட யார் போவது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். படகின் கம்பியை நினைத்துக்கொண்டே அவள் தலையை ஆட்டினாள்.

படகு துறைமுகச் சுவரைத் தாண்டியதும் வழக்கம்போல அவள் கம்பியைப் பிடித்தாள். இந்தத் தடவை துணைக்கு ஆள் இருந்தது. ஊரிலேயே நல்ல உடற்கட்டுள்ள பி.டி. மாஸ்டர் அடுத்த கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். "மேடம், இது எப்ப நிக்கும்?" என்று கேட்டார். "கரையில" என்றாள் அண்ணி.

படகு நின்ற இடத்தில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. மிதவைச் சட்டைகளின் குவியலில் சாய்ந்துகொண்டாள். நாத்தனாருக்கோ ஒன்றும் ஆகவில்லை. வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவள் மாதிரி சர்வசாதாரணமாக நின்றாள். படகோட்டி ஒரு குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் மூடி திறந்தபடி கயிற்றில் கட்டி இறக்குவது. வேண்டிய ஆழம் போனதும் கயிற்றோடு ஒரு எடையை நழுவவிட்டால் மூடிகள் பட்டென்று மூடிக்கொண்டு அந்த ஆழத்துத் தண்ணீரைப் பிடித்துவரும்.

நாத்தனார் இறக்கினாள், எடையை விட்டாள், ஆளுக்கு ஆள் கைமாற்றி இழுத்தார்கள். குழாயைத் திறந்து அவள் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தினாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியதை அண்ணி படுத்தபடியே பார்த்தாள்.

"அண்ணி" என்றாள் மெதுவாக. அவள் குரல் அவ்வளவு தணிந்து அண்ணி கேட்டதில்லை. "ஜில்லுனு இருக்கு. நிஜமாவே இருக்கு."

தண்ணீர் கைக்குக் கை போயிற்று. தமிழாசிரியர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் நாத்தனாருக்கு வகுப்புக் குரல் திரும்பிவிட்டது. "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க. பின்னாடி பேசாதீங்க. மேல வெந்நீர், கீழ குளிர்ந்த தண்ணி. காத்து அடிச்சா கடல் அப்படியே தலைகீழாப் புரண்டுடும்..."

குவியலிலிருந்து ஒரு தலை எழுந்தது. "புரளாது. மேல் தண்ணி ஒதுங்கும், அந்த இடத்துக்குக் கீழ்த்தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாய்ந்துவிட்டது.

"கேட்டீங்களா? அதேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் நாத்தனார் அசராமல்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் போய் அந்தச் சிறுமியை எழுப்பி, "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாளாம். இருபது நிமிஷத்தில் முடிக்கவில்லை. மணி அடித்தும் விடவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த ஓவிய ஆசிரியர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் கடலையே வரையச் சொல்லிவிட்டாராம்.

இயக்குநர் இதையெல்லாம் கேள்விப்பட்டு, நாத்தனாரை வாரத்தில் ஒரு நாள் நிலையத்துக்கு அனுப்பிவைக்கும்படி அவள் பள்ளியைக் கேட்டுக்கொண்டார். பெயர்ப்பலகை மட்டும் இருந்த பிரிவில் இரண்டாவதாக ஒரு நாற்காலி வந்தது. வந்த முதல் நாளே அவள் அண்ணியின் ஒற்றைத் தாளை எடுத்து, சிவப்பு மையால் பாதிக்குமேல் அடித்துவிட்டாள். அடித்ததில் சிலவற்றை அண்ணி திரும்ப எழுதினாள். அவற்றை நாத்தனார் மறுபடியும் அடித்தாள். மத்தியானத்துக்குள் குரல் நடைபாதைவரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தவர்கள் சண்டை என்று நினைத்தார்கள். உள்ளே இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்த அறையில் போன் அடித்தது. பி.டி. மாஸ்டர். பின்னணியில் ஒரே கூச்சல்.

"மேடம், மைதானம் முழுக்கத் தண்ணி. மூணு கிளாஸை ஒரே ஹால்ல அடைச்சு என் தலையில கட்டிட்டாங்க. மழைக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். மழைத்தண்ணி கடல்ல விழுந்தா உடனே கலக்காது, மேலயே நிக்கும். அதைக் காட்டறதுக்கு ஒரு பை இருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அவங்களைக் கேக்காதீங்க மாஸ்டர், குறைச்சுச் சொல்லுவாங்க. ஹால்ல எத்தனை வாளி இருக்கு, அதைச் சொல்லுங்க."

அண்ணி குடையை எடுத்துக்கொண்டு, மழைக்காலப் பையைத் தோளில் மாட்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.